மீன் மேல் போட்ட பழி

தொப்புளுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஆரம்பித்தது. சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்பளம். ஒரு வாரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே இன்னொன்று. திருப்புல்லாணிப் பக்கத்து ஊரிலிருந்து கடற்கரை ஊரான வாலிநோக்கத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் பள்ளி ஆசிரியை நான். கரும்பலகையில் எழுதிக்கொண்டே இடது கையால் சேலைக்கு மேல் சொறிவேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டிருப்பார்கள். அது அரிப்பைவிடக் கொடுமை.

என் மாமியார் பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கருவாடுத்தா, வேறென்ன. அந்தக் கடக்கரைக்குப் போயிட்டு வாரப்பல்லாம் பை நெறையா கொண்டுட்டு வார. கரப்பான் புண்ணு வராம என்ன செய்யும்?"

கருவாட்டை விட்டேன். அரிப்பு விடவில்லை. கத்தரிக்காயை விடச் சொன்னார், விட்டேன். பிறகு மீன், இறால், நண்டு. கடைசியில் கம்பங்கூழும் போயிற்று. கூடவே வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வயிற்றில் பூசிவிட்டார். அன்று முழுக்க எரிந்தது. "எரிஞ்சாத்தான் விசம் எறங்குதுன்னு அர்த்தம்" என்றார்.

பள்ளியில் என்னோடு வேலை செய்யும், தங்கச்சிமடத்துக்கார டீச்சர் வேறு காரணம் சொன்னார். "மீனு என்ன பாவம் செஞ்சது டீச்சர்? நாங்க பொறந்ததுல இருந்து அதத்தான திங்கிறோம். ஒங்க வீட்டு போர் தண்ணி உப்பு. அதுதான்." இதை வீட்டில் சொன்னேன். என் கணவர் மறுவார்த்தை பேசாமல், பக்கத்து ஊர் நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து தினம் இரண்டு குடம் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் அந்தத் தண்ணீரில் குளித்தேன். அவருக்கு இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

மருந்துக் கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். மூன்றே நாளில் மறைந்தது. நிறுத்தினேன், இரண்டு மடங்காக வந்தது. மறுபடி போட்டேன், மறைந்தது. இப்படியே ஐந்து மாதம். கடைசியில் அந்த இடத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, நகம் பட்டாலே ரத்தம் வந்தது. அப்போதுதான் ராமநாதபுரத்தில் தோல் டாக்டரிடம் போனேன்.

அந்த அம்மா முதலில் களிம்பு டியூபை வாங்கிப் பார்த்து, "ஸ்டீராய்டா?" என்று முகத்தைச் சுளித்தார். நான் விட்ட பண்டங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"சேலைக் கொசுவத்துக்கு ஊக்கு எங்க குத்துவீங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். விரல் நேராகப் புண்ணின் மேல் போய் நின்றது. அவர் என் தாலிச் சங்கிலியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். அவசரத்துக்கு ஆகட்டும் என்று கோத்துவைத்த நான்கு ஊக்குகள் அதில் தொங்கின.

"கல்யாணம் ஆனதுல இருந்து போடுறேன் டாக்டர். எட்டு வருசமா ஒண்ணும் செய்யலையே?"

"மொத நாளே வராதும்மா. தொட்டுத் தொட்டு, ஒரு நாள் ஒடம்பு போதும்னு சொல்லிரும். அதுக்குப் பெறகு எப்பத் தொட்டாலும் வரும்."

இருந்தாலும் உறுதிப்படுத்தச் சோதனை வேண்டும் என்றார். முதுகில் வரிசையாக, கட்டம் கட்டமாக மருந்து வைத்த பட்டைகளை ஒட்டினார். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. பங்குனி மாதம், ராமநாதபுரம், வியர்க்கக் கூடாதாம். லீவு போட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் குப்புறக் கிடந்தேன். முதல் நாளே மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தால் விசிறினார். விசிறிக்கொண்டே, கருவாட்டை விட்டாலே போதும் என்று சொன்னார்.

பட்டையை எடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோது இரண்டு கட்டம் சிவந்து தடித்திருந்தது. ஒன்று நிக்கல், ஊக்கின் மேல்பூச்சில் இருக்கும் உலோகம். இன்னொன்று சோப்பில் போடும் வாசனைச் சேர்மானம். மீனுக்கும் என் வயிற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எட்டு மாதம் நான் வாய்க்குக் காவல் போட்டிருந்தேன்.

ஊக்கை விடுவது எளிது என்று நினைத்தேன். சேலைக் கொசுவத்தைத் தைத்து, நாடா வைத்துக் கட்டப் பழக இரண்டு வாரம் ஆனது. வாட்சுக்குத் துணிப் பட்டை மாற்றினேன். சோப்புதான் பெரும்பாடு. கடையில் எதை எடுத்து மோந்தாலும் மல்லிகை, சந்தனம், எலுமிச்சை. குழந்தைகளுக்கென்று விற்பதிலும் வாசனை. வாசனை இல்லாத சோப்பு என்று கேட்டால், கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுடுதண்ணீர் கூடாது, தேய்த்துக் குளிக்கக் கூடாது, ஈரம் காயுமுன் மருந்தில்லாத வெறும் களிம்பு பூச வேண்டும். காலை ஆறரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு இதெல்லாம் எந்த நேரத்தில்? ஆனாலும் செய்தேன். மருந்துக் கடையில் வாங்கிய பழைய களிம்பை டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஒன்றரை மாதத்தில் தோல் ஆறியது. நிறம் மட்டும் கறுத்தே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரை உட்காரவைத்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். உலோகம், ஊக்கு, கவரிங் நகை, வியர்வை பட்டால் அது கசிவது, எல்லாம். அவர் கேட்டு முடித்துவிட்டுக் காதுமடலைத் தடவினார்.

"எனக்குங்கூட கவரிங் கம்மல் போட்டா ரெண்டே நாள்ல காது வெடிச்சு நீரு வடியும். கொமரியா இருந்தப்ப இருந்து அப்படித்தான். தங்கம் போட்டா ஒண்ணுஞ் செய்யாது."



"ஏன் அத்தை, இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"காதுல வந்ததுக்கும் வயித்துல வந்ததுக்கும் என்னத்தா சம்பந்தம்?" என்றார். பிறகு எழுந்து, மத்தியானத்துக்குக் குழம்பு என்ன வைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போனார்.