சத்தியநேசனின் கொய்யாப்பழம்

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் அச்சுக்கூடத்தில் என் தாய்மாமா பிழை திருத்துகிற வேலையில் இருந்தார். ஊரார் எழுதியதையே எத்தனை காலம் திருத்திக்கொண்டிருப்பது, நாமே ஒரு புத்தகம் எழுதினால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதோடு நில்லாமல், தமக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனாரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் வைத்துவிட்டார். அந்தத் தகப்பனார் நாங்குநேரிப் பக்கத்தில் ஒரு சபையைக் கவனித்துவந்த உபதேசியார். சபையாரின் வாக்குறுதிகளை நிறையக் கேட்டுப் பழகியவர். "புஸ்தகம் வரட்டும். பொறவு கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சுக்கிடலாம்" என்றாராம். கோயிலில் ஓலை வாசித்துச் சபைக்கு அறிவித்தால்தான் கல்யாணம். ஆக, மாமாவின் கல்யாணம் புத்தகத்தில் வந்து நின்றது.

அந்தக் காலத்தில் பிள்ளைகளின் புத்தகத்துக்குக் கதை எழுதிவிட்டுப் படம் போடுவதில்லை. படம் செதுக்கிய மரக்கட்டைகள் சீமையிலிருந்து கப்பலில் வரும். கையில் இருக்கிற படத்துக்கு ஏற்றாற்போலக் கதை எழுத வேண்டும். ஜெர்மன் சண்டை வந்து கப்பல் அருகிவிட்டதால் அச்சுக்கூடத்தில் மிஞ்சிக் கிடந்தது ஒரே ஒரு கட்டைதான். அதில் ஒரு வெள்ளைக்காரப் பையன் மரத்தின்மேல் இருந்தான். இன்னொருவன் கீழே தொப்பியும் பூட்ஸுமாக நின்றான். இருவருக்கும் நடுவே ஒரு பழம் அந்தரத்தில் நின்றது.

மாமா சளைக்கவில்லை. தொப்பிக்காகக் கடும் வெயிலை உண்டாக்கினார். பூட்ஸுக்காக வழியெல்லாம் முள்ளைப் போட்டார். என்ன மரம் என்று தெரியாததால் கொய்யா என்றார். கீழே நிற்பவன் சத்தியநேசன், நல்லவன். மேலே இருப்பவன் பொன்னு, வாத்தியார் தோட்டத்தில் பழம் திருடுகிறவன். அந்தரத்துப் பழத்தைத்தான் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், பொன்னு முதல் பழத்தைப் பறித்துச் சிநேகிதனுக்குப் போட்டான் என்று எழுதிவிட்டார். சத்தியநேசன் அதைப் பிடித்துக்கொண்டான். வாத்தியார் வந்து கேட்டதும் உண்மையைச் சொன்னான். பொன்னு மரத்தில் ஏறவே இல்லை என்று பொய் சொல்லிப் பிரம்படி பட்டான். பொய் சொல்லாதே என்பது கதையின் போதனை.

பிள்ளைகளின் கதைகளைப் பார்வையிட அச்சுக்கூடத்தில் ஒரு மிசியம்மா இருந்தாள். சீமையிலிருந்து வந்து இலக்கணத் தமிழ் படித்தவள். எந்தக் கதையையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, "நீ இவர்களில் யாரைப் போல் இருக்க விரும்புகிறாய்?" என்று கேட்பாள். நல்லவனைச் சொன்னால்தான் கதை அச்சுக்குப் போகும். மாமாவின் முந்திய கதையில் பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்கூடம் போகாத பையனைச் சொல்லி அதை ஒழித்துக் கட்டியிருந்தார்கள்.

இந்தத் தடவை மிசியம்மா எங்களைத்தான் கூட்டிவரச் சொல்லியிருந்தாள். அதனால் மாமா முன்கூட்டியே அண்ணனையும் என்னையும் தங்கையையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டி, "யாரைப் போல இருக்க ஆசை?" என்றார்.

"பொன்னு!" என்று மூவரும் கத்தினோம்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. "ஏலே, அவன் கள்ளன்லா?"

"பழத்தை வாங்கிக்கிட்டே காட்டிக் குடுத்தாம்லா அவன்? அவனைப் போல யாரு இருப்பா?" என்றான் அண்ணன்.

மாமா திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தார். நாங்கள் மசியவில்லை. பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சுக்கு மணக்கச் சில்லுக்கருப்பட்டி. ஆளுக்கொன்று கொடுத்து, "யாருன்னு கேட்டா சத்தியநேசன்னு சொல்லணும், என்ன? மாமா கல்யாணம் உங்க வாயிலதான் இருக்கு" என்றார். பொய் சொல்லாதே என்ற கதைக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

மறுநாள் அச்சுக்கூடம் போனோம். அண்ணனும் தங்கையும் "சத்தியநேசன்" என்று ஒப்பித்தார்கள். நானும் ஒப்பித்தேன். மாமா மூச்சு விட்டார். மிசியம்மா என்னைப் பார்த்து, "ஏன், பிள்ளாய்?" என்றாள்.

பெயரைச் சொல்லிக் கொடுத்த மாமா காரணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கதையை அத்தனை தடவை கேட்டதில் அதன் போதனை எனக்குள் நன்றாக இறங்கியிருந்தது. பொய் சொல்லக்கூடாது.

"மாமாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாவ. எனக்குப் பொன்னுவைத்தான் பிடிக்கும். பழத்தைக் கையில வச்சுக்கிட்டே காட்டிக் குடுக்குறவனை எனக்குப் பிடிக்காது."

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். எதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது என் வழக்கம். அவர் கொடுத்த கருப்பட்டியில் பாதி அப்போதும் என் கையில் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

மிசியம்மாவும் அதைப் பார்த்தாள். முதலில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அதை எடுத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் நானும் சிரித்துவைத்தேன். "கதை நன்று. முடிவை மட்டும் மாற்றும்" என்று மாமாவிடம் சொன்னாள்.

மாமா மாற்றினார். சத்தியநேசன் பழத்தில் பாதியைத் தின்றான். மீதியோடு இரண்டு பேருமே வாத்தியாரிடம் போய் நின்றார்கள். அந்தப் புத்தகம் மாமா பேரோடு வந்தது. ஞாயிறு பள்ளிக்கூடங்களில் அதைப் பரிசாகக் கொடுத்தார்கள். உபதேசியார் சொன்ன சொல் தவறாமல் ஓலை வாசிக்கச் செய்தார்.

கல்யாண வீட்டில் மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து, புது மாமியிடம், "இவதான் நம்ம சத்தியநேசன்" என்றார். மாமி குலுங்கிச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பிடித்தவன் பொன்னு என்று எல்லார் முன்னாலும் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தேன். புத்தகம் எழுதுகிற மாமாவுக்கு இதுகூட விளங்கவில்லையே என்று அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே, அவர் என் கையில் வைத்த சில்லுக்கருப்பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றேன்.