ஆனா அக்காவும் அறுபத்திரண்டு படியும்

எங்கள் சுற்றுலா அலுவலகத்தில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஆனா அக்கா. "கடலைப் பாத்த ரூம் சார், ஆனா குழாய் ஒழுகும்." "டிக்கெட் மலிவுதாம்மா, ஆனா நடுவுல அஞ்சு மணி நேரம் வேற ஏர்போர்ட்ல உக்காந்திருக்கணும்." விற்க உட்கார்ந்தவள் இப்படிப் பேசினால், பக்கத்து மேஜையில் விமான டிக்கெட் போடும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஊர் திரும்பிய ஒருவரும் அவளிடம் சண்டைக்கு வந்ததில்லை. என்னிடம் வந்திருக்கிறார்கள்.

திரும்பி வருகிறவர்களை உட்காரவைத்து, எந்த ஹோட்டலில் என்ன குறை என்று துருவிக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வாள். படிக்கட்டு என்றால் எத்தனை படி என்று தெரியாமல் விடமாட்டாள்.

எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு சுற்றுலாக் கடை திறந்தார்கள். அங்கே எதைக் கேட்டாலும் "இருக்கு சார்" தான். எங்கள் வாடிக்கையாளர் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் பத்துக் குடும்பம் பிடிக்காவிட்டால் அக்காவுக்கு வேலை இல்லை. அவள் கணவர் இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது.

ஒன்பது தேறியது. பத்தாவதாக மலை ஹோட்டல் கேட்டு மகன், மருமகள், முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் வந்தார்கள்.

"நல்ல இடம்தாம்மா," என்றாள் அக்கா. "ஆனா லிஃப்ட் இல்ல. ரூமுக்கு அறுபத்திரண்டு படி. கீழ ரெண்டே ரூம்தான், கேட்டுச் சொல்றேன்."

மருமகள் முகம் சுண்டியது. "இதே ஹோட்டல்ல லிஃப்ட் இருக்குன்னு எதிர்க்கடையில சொல்றாங்களே!" என்று எழுந்துவிட்டாள். மேஜைக்கடியில் நான் அக்காவின் காலை மிதித்ததெல்லாம் வீண்.

மாதக் கடைசி நாள் சாயங்காலம், எங்கள் மாடி அலுவலகத்துக்குப் பெரியவர் மட்டும் மூச்சு வாங்க ஏறி வந்தார். பத்தாவது குடும்பம் என்று மேனேஜரே ஓடி வந்து நாற்காலி போட்டார்.

"இருபத்திநாலு படி, நிக்காம ஏறிட்டேன்," என்றார் பெரியவர் அக்காவிடம். "எதிர்க்கடையில பதிஞ்சாச்சும்மா. வீட்ல லிஃப்ட் இருக்குன்னு நம்பிக்கிட்டிருக்காங்க. எனக்கென்னமோ நீ சொன்னதுதான் நிஜம்னு தோணுது. படின்னு நான் கிளப்பினா என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க. அதான் ஏறிப் பழகுறேன்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா போனை எடுத்தாள். ஹோட்டல்காரரிடம் கெஞ்சி, சிரித்து, கால் மணி நேரத்தில் அவருக்குக் கீழ் அறையை மாற்றி வாங்கிவிட்டாள்.

அவர் போனதும் மேனேஜர் வெடித்தார். "அவங்க கஸ்டமருக்கு நீங்க எதுக்கு ஓடியாடுறீங்க?"

"நம்ம படியில ஏறி வந்தவர் சார்."

மறுநாள் அவள் வரவில்லை. அவள் நாற்காலியும் நோட்டும் என்னிடம் வந்தன. அந்த நாற்காலியில் உட்காரவே எனக்குக் கூசியது.

பத்து நாள் கழித்துப் பெரியவர் போன் செய்தார். "அந்தப் பொண்ணு இல்லையா? கீழ் ரூம் சௌகரியமா இருந்துச்சு. இருந்தாலும் மேல ஒரு தடவை ஏறிப் பாத்துட்டேன். அறுபத்திரண்டேதான்னு சொல்லிடுங்க."

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கணவரின் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கீழ் ரூம்ல வெந்நீர் ஒழுங்கா வந்துச்சாமா?"

"கேக்கலையேக்கா."

"கேட்டு நோட்டுல எழுதிடு," என்றாள்.