ஆணியிலிருந்து கழற்றிய வில்லைகள்

இது கதை அல்ல. எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், அருங்காட்சியகத்து நாணயப் பிரிவுக்குப் போய் 'டாக்டர்' எங்கே என்று கேட்டு, அந்த மனிதரை ஒரே ஒரு தடவை சிரிக்க வைத்துப் பார்க்கட்டும். மேல் வரிசையில் முன்பல் இரண்டு பொய்ப்பல்லாக இருக்கும். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார். பொய்.

அவர் ஊசி போடுகிற டாக்டர் அல்ல. பச்சை பூத்த செம்பு, கறுத்துப்போன வெள்ளி என்று எந்தப் பழங்காசைக் கொடுத்தாலும், சின்னக் கத்தியும் பஞ்சுமாக உட்கார்ந்து அதற்கு வைத்தியம் பார்ப்பவர். அந்த முறை அவரிடம் வந்தவை காசுகள் அல்ல, ஒரு பழைய சுரங்கத்தின் பித்தளை வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண், ஒரு துளை. கூடவே, வரிசையாக ஆணி அடித்த ஒரு பலகை. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் வில்லையை ஆணியில் மாட்டுவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். வில்லை தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பெட்டியைத் திறந்தபோது எல்லா வில்லைகளும் பலகையில் மாட்டியே இருந்தன. டாக்டர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். சுத்தம் செய்ய வேண்டுமே!

அன்றிலிருந்து அவர் வாயில் பித்தளை ருசி. என்ன சாப்பிட்டாலும் போகவில்லை.

இன்னொன்றையும் கவனித்தார். எல்லா வில்லைகளின் ஓரத்திலும் சின்னச் சின்னப் பள்ளங்கள். இடுக்கியால் கடித்த மாதிரி.

திங்கட்கிழமை. பார்வையாளர்களுக்கு விடுமுறை. அடித்தளத்துப் பாதுகாப்பு அறையில் கண்ணாடிப் பெட்டிக்கு விளக்கு பொருத்த எலக்ட்ரீஷியன் வந்திருந்தான். வேறு யாருமில்லை, டாக்டரின் சொந்த மச்சினன். அவர் மனைவிக்கு ஒரே தம்பி.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே போகிறவர்கள் வெளிக்கதவுக் கொக்கியில் அடையாள அட்டையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் காவலாளி கதவைப் பூட்டி, தீயணைப்புக் கருவியைத் தயார்நிலையில் வைத்துவிடுவார். அங்கே தீயைத் தண்ணீர் அணைக்காது, வாயு அணைக்கும். புகை கிளம்பினால் மணி அடிக்கும். முப்பது வினாடி கழித்து வாயு பாயும். நெருப்புக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கிற ஆளுக்கும் மூச்சு நின்றுவிடும்.

"என்ன அத்தான், சமாதிக்குள்ள வேலை குடுத்திருக்கீங்க?"

"வாயை வெச்சுக்கிட்டு வயரைப் பாரு மாப்ளே. உனக்கு ஒண்ணுன்னா உங்கக்கா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவா."

மச்சினன் சிரித்தபடி வயரை ஈயம் உருக்கிப் பற்றவைக்க ஆரம்பித்தான். திடீரென்று நிறுத்தினான்.

"பக்கத்து ரூம்ல யாரு இப்படித் தட்டுறாங்க?"

"பக்கத்துல ஏதுடா ரூம்? அந்தச் சுவருக்குப் பின்னாடி வெறும் மண்ணு."

இருவரும் காதைத் தீட்டினார்கள். டொக்... டொக்... டொக். நின்றது.

"எலியா இருக்கும்" என்றார் டாக்டர்.

"எலி சுத்தியல் வெச்சிருக்குமா அத்தான்?"

பெட்டிக்குள் வில்லைகளை எண் தெரியும்படி அடுக்கியிருந்தார். இப்போது பார்த்தால்... எல்லாமே குப்புறக் கிடந்தன. ஒன்றைத் தொட்டார். சுட்டது.

"விளக்குச் சூடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியைப் பூட்டினார். விளக்கு இன்னும் எரியவே இல்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

டீ வாங்கத்தான் வெளியே வந்தார். கொக்கியில் இரண்டு அட்டைகளின் கயிறும் பின்னிக்கொண்டிருந்தன. தன்னுடையதை இழுத்துப் பாக்கெட்டில் போட்டபடி மாடியேறினார். நின்று பார்க்கவில்லை.

மணி மூன்று பத்துக்கு இரண்டு டீயோடு இறங்கினார். கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில், தீயணைப்பு தயார் என்று காட்டும் சிவப்பு விளக்கு. காவலாளி பூட்டிவிட்டு மேலே போயிருந்தார்.

உள்ளே மச்சினன் இன்னும் பற்றவைத்துக்கொண்டிருப்பான். புகை...

மணி அலறியது.

டீ கீழே விழுந்து சிதறியது. கதவுக்கு அந்தப் பக்கம் முஷ்டிகள் விழுந்தன. தட், தட், தட், தட்! ஒருவன் தட்டுகிற சத்தமா அது? பத்துப் பேர்... இருபது பேர். இரும்புக் கதவே அதிர்ந்தது.

கதவோரம் மஞ்சள் பொத்தான். அழுத்தினால் வாயு நிற்கும், பூட்டும் திறக்கும். கையை நீட்டினார்.

கை பின்னால் முறுக்கப்பட்டது. தோளில் ஏதோ பிசகியது.

வராந்தாவில் யாருமில்லை.

கத்த வாயைத் திறந்தார். திறந்த வாயை விரல்கள் பிடித்துக்கொண்டன. கரடுமுரடான, கரி நாறும் விரல்கள். தாடையைக் கீழே இழுத்தன. இன்னும் கீழே.

எதையோ உள்ளே திணித்தன. தட்டையாக, சூடாக. ஒன்று. அதன்மேல் இன்னொன்று. முன்பல் முறிகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. ரத்தம் தொண்டையில் இறங்கியது. மூச்சு... இல்லை.

காதருகே ஒரு குரல்.

"ஏன்டா கழட்டுன?"

முழங்காலில் விழுந்தார். பிழைத்த ஒரு கை பாக்கெட்டில் பட்டது. கயிறு. ஒன்றல்ல... இரண்டு.

மச்சினனின் அட்டை.

ஊர்ந்தார். முதுகில் உதை விழுந்தது. மறுபடியும் விழுந்தது. கொக்கியைப் பிடித்து எழுந்தார்.

அட்டையை மாட்டினார்.

விட்டுவிட்டார்கள். அத்தனை விரல்களும். அந்த நொடியே.

பொத்தானை அறைந்தார். மணி நின்றது.

கதவு திறந்ததும் மச்சினன் அவர்மேல் சாய்ந்தான். இரண்டு முஷ்டியும் கிழிந்து ரத்தம் சொட்டியது. முகமெல்லாம் கரி. நிற்கவே முடியவில்லை. ஆனால் அவன் முதலில் கேட்டது இதுதான்:

"ஏன் அத்தான்... இத்தனை பேரை எப்ப உள்ள விட்டீங்க?"

அறையில் யாருமில்லை. கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. டாக்டர் துப்பியதில் ரத்தமும் பல்லும்தான் இருந்தன. உலோகம் எதுவுமில்லை.

வில்லைகளைக் கொடுத்த அம்மாள் விஷயம் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அந்தச் சுரங்கத்தின் மேற்பார்வையாளருக்குக் கொள்ளுப்பேத்தி.

"பலகையில இருந்து கழட்டிட்டீங்களா?" என்றுதான் கேட்டார். "எங்க வீட்டுல தூசி தட்டக்கூட யாரும் கழட்ட மாட்டோமே சார்!"

அப்புறம் சொன்னார். சுரங்கத்தில் தீப்பிடித்திருக்கிறது. சுரங்க வாயை மூடினால் தீ அணையும். ஆனால் பலகை நிறைய வில்லைகள் தொங்கின. மேற்பார்வையாளர் அவற்றை எல்லாம் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கீழே யாருமில்லை என்று மூடச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் அவர் படுக்கையிலேயே பிணமாகக் கிடந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. தாடை இரண்டாகப் பிளந்திருந்தது. அத்தனை வில்லைகளையும் அவர் தொண்டையிலிருந்துதான் எடுத்தார்களாம்.

அப்படியானால் அந்தப் பள்ளங்கள் இடுக்கி கடித்தவை அல்ல.

டாக்டர் வில்லைகளைத் திரும்பப் பலகையில் மாட்டினார். மாட்டும்போது இரண்டில் மட்டும் புதுப் பள்ளங்கள் பளபளத்தன. பொய்ப்பல் கட்டுவதற்காகத் தன் வாயின் அச்சை எடுத்திருந்த பல் வைத்தியரிடம் அவற்றைக் கொண்டுபோய்க் காட்டினார். வைத்தியர், டாக்டர் எடுத்து வைத்திருந்த முறிந்த பற்களை அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தார்.

கச்சிதமாகப் பொருந்தின.

"எதுக்கு சார் இதைப் போய்க் கடிச்சீங்க?" என்றார்.

பல் முறிந்த அந்த நேரத்தில் வில்லைகள் பூட்டிய பெட்டியில், பூட்டிய அறையில் இருந்தன. டாக்டர் வெளியே இருந்தார்.