டெல்லி நம்பர்

சரிபார்ப்பு முடிக்காத விவசாயிகளுக்கு இந்தத் தவணை முதலே அரசு உதவித்தொகை நின்றுவிடுமாம். டெல்லி துவாரகாவில் மேல்மாடிக்காரர் தன் மச்சான் சொன்னதாகச் சொன்னார். சிவஞானத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அவர் மத்திய அரசு அலுவலகமொன்றில் மேசை நாற்காலி வாங்கும் பிரிவில் இருக்கிறார். கோவில்பட்டிப் பக்கம் உளுந்து விதைக்கும் தங்கை செண்பகத்துக்கு அதற்கும் உதவித்தொகைக்கும் சம்பந்தமில்லை என்பதெல்லாம் தெரியாது. பணம் டெல்லியிலிருந்துதானே வருகிறது என்று, உதவித்தொகைக்குப் பதியும்போது அண்ணன் எண்ணையே கொடுத்துவிட்டாள்.

"ஒன் நம்பரைக் குடுத்திருக்கலாம்லா?"

"நல்லாச் சொன்னீக. டெல்லி நம்பர்னா ஒரு மதிப்புல்லா, அண்ணே."

மதிப்பின் பாரம் அவர் தலையில். சரிபார்க்கும் ஓடிபி அவர் கைபேசிக்குத்தான் வரும். சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். போன முறை மெட்ரோ சுரங்கத்துக்குள் இருந்தபோது வந்து வீணாகிப் போனது.

"சேவை மையத்துக்குப் போகுமுன்ன ஒரு போன் போடு தாயி" என்று நேற்றும் கெஞ்சினார்.

"அச்சா, அச்சா" என்று அவரைப் போலவே இந்தியில் தலையாட்டிக் காட்டிச் சிரித்தாள். இந்தத் தவணையை நம்பித்தான் உரக்கடையில் கடன் சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்று காலை மெட்ரோ கரோல் பாக்கை நெருங்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிபி வந்து விழுந்தது. கொஞ்ச தூரத்தில் சுரங்கம். அலுவலகத்துக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று இறங்கி நடைமேடையில் நின்று தங்கையை அழைத்தார்.

வெளியே போனால் தொலைந்துவிடும் என்று கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவள் அவள். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஜல்தி பையா" என்று அவசரப்படுத்தி யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். காதோரம், எடுக்க ஆளில்லாமல், மணி அடித்துக்கொண்டே இருந்தது.