காசிம் பாய் எழுதிய ஒரே வரி

தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் காசிம் பாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது பட்டறையில் தோல் வெட்டும் நாகராஜைத் தவிர ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. பாளையங்கோட்டையில் பத்தாவது முடித்ததாக நிக்காஹ் பேசும்போதே அளந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதுவரை தினமும் காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாவம். இந்த அழகில் மகள் சாயிமாவின் நோட்டைப் பார்த்து, "கோழி கிண்டுன மாதிரி இருக்கு" என்று அதட்டல் வேறு.

இரத்தப் புற்றுநோய் வந்து, மருந்துகள் கைவிட்ட பிறகு டாக்டர் புது வைத்தியம் ஒன்றைச் சொன்னார். காசிம் பாயின் இரத்தத்திலிருந்தே டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை எடுத்து, புற்றுச் செல்களை அடையாளம் கண்டு கொல்லும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றுவார்கள். அந்தச் செல்கள் சில நேரம் மூளையைக் கலங்கடிக்கும். அதைக் கண்டுபிடிக்க, நோயாளி தினமும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒரு வரி எழுதிக் காட்ட வேண்டும். எந்த மொழியானாலும் சரி.

நோய்க்குக்கூட அவ்வளவு பயப்படாத மனிதர் அந்த ஒரு வரிக்குப் பயந்தார். டாக்டரிடம் தனியாகச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். வெட்கம் விடவில்லை. ஒரு வாரம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நாகராஜ் எழுதிக் கொடுத்த 'என் பெயர் காசிம்' என்பதைப் பை டிசைன் மாதிரி வரைந்து வரைந்து பழகினார்.

செல்களை ஏற்றியபின் நான்கு நாள் தப்பித்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. நர்ஸ் கிளாரா, "டெய்லி இதேதானா பாய்? இன்னைக்கு வேற ஏதாச்சும் எழுதுங்க" என்றாள். பக்கத்திலேயே சாயிமா. அவர் அவமானத்தில் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இது என்ன மாதம் என்று கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை.

மூளை கலங்கிவிட்டதென்று டாக்டர் ஓடிவந்தார். உடனே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும், ஆனால் அதில் ஏற்றிய செல்கள் சோர்ந்துபோனாலும் போகலாம் என்றார். அப்போதுதான் காசிம் பாய் தனக்கு எழுதவே தெரியாது என்று, தமிழ் தெரியாத டாக்டரிடம் இந்தியில் உடைத்துச் சொன்னார்.

சாயிமா அழுதுவிட்டாள். "வாப்பாவுக்கு மூளை குழம்பிட்டு சிஸ்டர். டெய்லி பேப்பர் படிக்கிற ஆளு. ஊசியப் போடச் சொல்லுங்க."

அத்தனை வருஷப் பொய் அவ்வளவு கெட்டி. வேறு வழியில்லாமல் காசிம் பாய் மகளிடம் நாகராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

"நாகராஜு, எனக்கு எழுதத் தெரியுமாடே?"

"என்ன முதலாளி இப்படிக் கேக்கிய? இங்கிலீஷ் பேப்பரே படிப்பியளே!" விசுவாசம்!

"உசிருக்கு வந்திருக்குடே. பிள்ள கேட்டுக்கிட்டு இருக்கா. உள்ளதச் சொல்லு."

"தெரியாதும்மா" என்றான் நாகராஜ். "அவியளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. நாந்தான் படிச்சுச் சொல்லுவேன்."

கிளாரா அதை டாக்டருக்கு இந்தியில் சொன்னாள். அவர் கேள்விகளை மறுபடி கேட்டார். மாதம், ஊர், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் பதில் சரியாக வந்தது. ஊசி வேண்டாம், கவனித்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் போனதும் சாயிமா கேட்டாள்: "இந்த வைத்தியத்துல உசிரே போகலாம்னு அந்தச் சம்மத ஃபாரத்துல எழுதியிருந்துச்சு. உங்க காப்பியப் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுறேன்னு சொன்னீங்களே வாப்பா?"

"நீ பக்கம் புரட்டுனப்பல்லாம் நானும் புரட்டுனேன்மா" என்று சொல்லி, காசிம் பாய் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.