சீட்டுக் காசில் ஓடிய வண்டி

எனக்குச் சீட்டில் ராசி உண்டு என்று ஒரு காலத்தில் தென்காசிக் கோர்ட்டு வளாகத்தில் எல்லோரும் சொல்லுவார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான். ஒரு வக்கீல் குமாஸ்தா சொந்தக் காரில் திரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? கட்சிக்காரனிடம் கை நீட்டுகிறான் என்று சொல்லும். அது முந்துவதற்குள் நானே முந்திக்கொண்டு, "எல்லாம் சீட்டுல அடிச்சது வே" என்று சொல்லிவிட்டேன். அதுதான் உண்மை என்றும் நம்பினேன்.

கார் என்றவுடன் பளபளப்பாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மலைமேல் எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் ஐம்பதுகளின் நடுவில் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. நான் நடை பழகிய காலத்தில் செய்தது. கறுப்பு நிறம், கித்தான் கூரை, பந்தை அமுக்கினால் அலறும் ஹாரன். முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். கதவு பின்பக்கமாகத் திறக்கும். ஏறும் பலகை தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். அப்பா விட்டுப் போன துண்டு வயலை அண்ணனுக்கே விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதை வாங்கினேன். பைத்தியக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் அந்தப் பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்க்கும்போது வந்த சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

என் பெண்சாதிக்குப் பிறந்த ஊர் கடையம். வண்டி வந்த அன்றே சட்டம் போட்டுவிட்டாள்.

"இங்க பாருங்க, சம்பளம் உலைக்கு. இந்த இரும்புச் சக்களத்திக்கு அதுல இருந்து ஒரு காலணா போச்சு, நான் மறு பஸ்ஸுல எங்க அப்பா வீட்டுக்கு ஏறிருவேன்."

அவள் சொன்னால் செய்வாள். அதனால் வண்டி கொஞ்ச காலம் வேப்பமரத்தடியில் அழகாக நின்றது.

அதை முதலில் ஒரு காரியத்துக்கு ஓட்டியது எங்கள் தெருக்கோடி அண்ணாச்சிக்காக. ஜவுளிக்கடை வைத்திருந்தார், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அவர் சம்சாரத்தை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வந்தால் ஒரு வாரம் எழுந்து நடமாடுவாள், அடுப்படி வரை போவாள், சிரிப்பாள். இல்லாவிட்டால் படுக்கைதான். பஸ் படியில் அவளால் கால் தூக்கி வைக்க முடியாது. குதிரை வண்டியில் ஏற்றப் பார்த்து ஒரு தடவை கீழே விழுந்திருக்கிறாள். என் வண்டியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

"தம்பி, இந்த வண்டி எனக்குன்னே செஞ்சது மாதிரில்லா இருக்கு" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாரல் தொடங்கியதிலிருந்து, வயல் காசில் மிஞ்சியதில் பெட்ரோல் போட்டு, ஞாயிறுதோறும் கூட்டிக்கொண்டு போனேன். அருவியில் பெண்கள் பக்கம் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள என் பெண்சாதியும் வருவாள். சக்களத்தி மேல் உட்கார அவளுக்கு ஆட்சேபணை இல்லை, செலவழிக்கத்தான் ஆட்சேபணை.

அப்போதுதான் அண்ணாச்சி அந்தத் தப்பைச் செய்தார். ஒரு நாள் திரும்பி வந்து இறங்கியதும் இரண்டு ரூபாயை நீட்டி, "பெட்ரோலுக்கு வச்சுக்கிடும் வே" என்றார். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"என்ன அண்ணாச்சி, நான் என்ன வாடகைக்கா ஓட்டுதேன்? ஜட்கா ஸ்டாண்டுல போயி நீட்டுங்க!"

தெருவே பார்த்தது. அதோடு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் எதிரே வந்தால் சைக்கிள் கடைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். அவரே மூன்று வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். பெட்ரோல் பேச்சையே எடுக்கவில்லை.

"சாரல் நல்லா விழுது வே. பொம்பளைக குளிக்கிற நேரம் நாம சும்மாதானே உக்காந்திருக்கோம். சீட்டு போடுவமா?"

அப்படி ஆரம்பித்தது. பேரருவிக்குப் பக்கத்தில் அண்ணாச்சி சீசனுக்கு ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். அண்ணாச்சி, அவருடைய சிநேகிதரான ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர், நான், மூன்றே பேர். ரம்மி. பாய் விரித்து உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகச் சாரல் தெறிக்கும். அண்ணாச்சி எப்போதும் எனக்கு முந்திய கையாக உட்காருவார். அவர் எடுத்துக் கழித்துப் போட்ட பிறகுதான் நான் எடுக்க வேண்டும்; வேண்டுமென்றால் அவர் கழித்த சீட்டையே எடுத்துக்கொள்ளலாம். முதல் நாளே ஜெயித்தேன். காசைக் கொண்டுபோய் வீட்டில் கொடுத்தால் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சீ! சூதாடுன காசுல நான் சோறு பொங்க மாட்டேன். அதை உங்க சக்களத்திக்கே போட்டு அழுங்க."

ஆகா, இதைவிட என்ன வேண்டும்? பெட்ரோல் போட்டேன். அப்புறம் பாருங்கள், ஒரு அதிசயம். டயர் தேய்ந்திருக்கிறது என்று புலம்பிய வாரம் டயருக்குத் தக்கபடி ஜெயிப்பேன். கூரைக் கித்தான் கிழிந்த வாரம் கித்தானுக்கு. எதுவும் கெடாத வாரத்தில் ராசி கொஞ்சம் மந்தமாக இருக்கும். "வண்டி கேக்கும், சீட்டு குடுக்கும்" என்று கோர்ட்டில் எல்லோரிடமும் அளந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு தோல்விக்கும் நெற்றியில் அடித்துக்கொள்வார். "உமக்கு எங்கன மச்சம் வே இருக்கு?" என்பார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆனந்தம்.

இப்படியே சில சீசன் போயிற்று. அறுபதாம் வருஷம் பிறந்த பிறகு ஒரு ஆனி மாதம், வண்டி ஏற்றத்தில் புகைந்தது. ஒர்க்ஷாப் மேஸ்திரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இன்ஜின் தலையில், அதாவது சிலிண்டரை மூடும் இரும்பில், விரிசல் என்றார். கொல்லத்தில் ஒரு பழைய சாமான் கடையில் இதே வண்டியின் தலை கிடக்கிறது, செங்கோட்டை ரயிலில் வரவழைக்கலாம். இல்லையென்றால் இந்த சீசன் தாங்காது. அவர் சொன்ன விலைக்கு எங்கள் பாய் ஆட்டத்தில் தீபாவளி வரை ஜெயிக்க வேண்டும். அதுவரை மதினி அருவிக்கு எப்படிப் போவாள்? என் வண்டிதான் என்ன ஆவது?

ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களாவில் மதுரைப் பக்கத்து மில்காரர்கள் வந்து தங்கிப் பெரிய ஆட்டம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இத்தனை பெரிய ராசியை வைத்துக்கொண்டு நான் ஏன் இவர்களோடு சில்லறைக்கு ஆட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"வேண்டாம் வே. நம்ம ஆட்டம் போதும்."

"ஏன் அண்ணாச்சி, பொறாமையா இருக்கோ?"

நான் கிளம்பியபோது குடையை எடுத்துக்கொண்டு அவரும் வந்து ஏறினார்.

பங்களாவில் மேஜை, நாற்காலி, தட்டில் உரித்த மங்குஸ்தான். மரியாதையான மனிதர்கள்தான். நான் டின்னில் சேர்த்துவைத்திருந்த சீட்டுக் காசு மத்தியானத்துக்குள் கரைந்தது. எனக்கு நல்ல சீட்டு வந்தால் உடனே தங்கள் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள், வராதபோது பந்தயத்தை ஏற்றினார்கள். என் கையை யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று படித்துச் சொல்வது மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு மில்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "வெளியே நிக்கிற வண்டி லட்சணமா இருக்கே. அதை வச்சு ஒரு ஆட்டம் போடுறீங்களா?" என்று கேட்டார்.

போனதை எல்லாம் ஒரே ஆட்டத்தில் எடுத்துவிடலாம். வண்டியே பந்தயம் என்றால் வண்டியின் ராசி கைவிடுமா? என் கை சட்டைப் பையில் சாவியைத் தேடியது. பின்னாலிருந்து அண்ணாச்சி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நிமிஷம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நீரு ஜெயிச்சதே கிடையாது வே" என்றார்.

"என்னது?"

"ஒரு நாளும் கிடையாது. நாங்க தோத்தோம். உமக்கு என்ன சீட்டு வேணும்னு உம்ம மொகமே சொல்லிரும். நான் பாத்துப் பாத்து அதைக் கழிச்சுப் போடுவேன். உள்ள இருக்கிறவங்களும் உம்ம மொகத்தைத்தான் படிக்காங்க. அவங்களுக்குத் தோக்கணும்னு என்ன விதி?"

"எதுக்கு அண்ணாச்சி? எதுக்கு எனக்குப் பிச்சை போட்டீங்க?" என்று கத்தினேன்.

"பிச்சையா? பெட்ரோலுக்கு ரெண்டு ரூவா நீட்டுனதுக்கு மூணு வாரம் எங்க வாசலை மிதிச்சீரா நீரு? அந்த மூணு ஞாயித்துக்கெழமையும் அவ எண்ணெயைத் தேச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருந்தா. தம்பி வரும், தம்பி வரும்னு. நேரே குடுத்தா வாங்க மாட்டீரு. வேற எந்த வழியில வே உமக்குக் குடுக்க?"

நான் வராந்தாவை விட்டு இறங்கி, ஹேண்டிலைச் சுற்றி, அவரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவு ரோஷம். இரண்டு வளைவு தாண்டவில்லை, புகைந்து நின்றுவிட்டது. அவ்வளவு ரோஷத்துக்கு அவ்வளவு தூரம்தான் என்று அதற்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி குடையோடு நடந்து வந்தார். ஓடையில் தண்ணீர் மோந்து ஊற்றினார். ஜவுளிக்கடை வெள்ளை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினார்.

வீட்டுக்கு வந்து பெண்சாதியிடம் கேட்டேன். "ஏட்டி, உனக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன? அருவியில நிக்கையில மதினி சொல்லுவாங்க. 'உன் வீட்டுக்காரருக்கு டயர் வேணுமாம்லா, நல்லாத் தோத்துட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்'னு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னா வண்டிய எடுப்பீங்களா? வீறாப்பா வீட்டுல கெடப்பீங்க. அவங்க காலுக்கு யாரு பதில் சொல்ல?"

அந்த வாரம் முழுக்க நான் கோர்ட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஊருக்கே ராசி ராசி என்று தம்பட்டம் அடித்திருக்கிறேன்; இரண்டு ஆம்பளைகளும் இரண்டு பொம்பளைகளும் சேர்ந்து சிரித்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் கண்ணை மூடினால் வாசற்படிதான் வந்தது.

ஞாயிறு காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஓட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். மதினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் எண்ணெய்க் கிண்ணம், தோளில் துண்டு. நான் வருவேனா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் எண்ணெய் தேய்த்திருந்தாள். என் பெண்சாதி கைகொடுக்க, பக்கவாட்டில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி முன்சீட்டில் ஏறி வண்டி கிளம்பிய பிறகு பின்சீட்டிலிருந்து மதினி சொன்னாள்:

"தம்பி, இன்னைக்கு அவுகளை நல்லாத் தோக்கச் சொல்லியிருக்கேன். கோவப்படாம ஜெயிச்சுக்கிடணும், என்ன?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

அறையில் பாய் விரித்தோம். அண்ணாச்சி வழக்கமான இடத்தில், எனக்கு முந்திய கையாக உட்கார்ந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கலைத்துப் போட்டார். எனக்கு இஸ்பேட் ஏழு வேண்டும். முகத்தை மறைக்கப் பார்த்தேன், அது என்றைக்கு நான் சொல்லிக் கேட்டது? அண்ணாச்சி என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். தன் கையில் வரிசையாக இருந்த சீட்டுகளிலிருந்து அந்த ஏழாம் சீட்டை உருவிப் பாயில் போட்டார். சீட்டுகள் என் பக்கம் சாய்ந்ததில், ஐந்துக்கும் ஆறுக்கும் பக்கத்தில் இருந்து அவர் அதைப் பிடுங்கி, சேர்ந்துவிட்ட வரிசையைக் கலைத்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வெளியே அருவி இரைந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து மதினியின் சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

நான் குனிந்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டேன்.