கண்ணை மூடினால் வராத முகம்

தெமோதரை வளைவில் வீரசிங்கத்தை இடித்த வேன்காரன், இறங்கி வந்து பார்த்தான். பிறகு ஏறிப் போய்விட்டான். வீரசிங்கத்தோடு நடந்து வந்த அவன் மனைவி கலாராணி, வேன்காரனுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

“ஆள் எப்படி? மூக்கு, மீசை?” என்று பொலிஸில் கேட்டார்கள்.

“நேர்ல பாத்தா சொல்லிருவேங்க. இப்ப ஒன்னும் வரமாட்டேங்குது.”

வீரசிங்கம் செத்த வழக்கு அதோடு படுத்துவிட்டது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், வீரசிங்கத்தின் அக்கா ரெங்கம்மா கலாராணியின் வாசலில் நின்று கத்தினாள்.

“முன்னால நின்னவன் மொகம் தெரியாதா? யாரடி மறைக்கிற?”

கலாராணி கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினாள். அந்த வேன்காரன் ஒருநாள் கையில் கிடைப்பான் என்ற வெறியில்தான் கொழுந்து பறிக்கப் போய்வந்தாள்.

அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஜிப்னா என்ற மாணவி தோட்டத்துக்கு வந்தாள். மனக்கண்ணில் யாருக்கு எவ்வளவு தெளிவாகப் படம் தெரிகிறது என்று அளப்பது அவளுடைய ஆராய்ச்சி. கண்ணை மூடி, நெருங்கிய ஒருவரை நினைத்து, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் புள்ளி சொல்ல வேண்டும். ரெங்கம்மா தம்பியை நினைத்தாள்.

“நேர்ல நிக்கிற மாதிரியே இருக்கு” என்று அழுதாள். ஐந்து.

கலாராணியும் அவனைத்தான் நினைத்தாள்.

“இருட்டுதான் மிஸ். எப்பவுமே இப்படித்தான். மத்தவங்களுக்கு நெசமாவே தெரியுதா?”

எதை நினைக்கச் சொன்னாலும் அவளுக்குப் புள்ளி ஒன்றுதான்.

“சிலருக்கு அப்படித்தான் அக்கா. நோயில்ல, மறதியும் இல்ல. நேர்ல பாத்தா அடையாளம் தெரியும்தானே? அது வேற.”

ரெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பின் ஞாயிறுதோறும் கலாராணி பதுளை பஸ் நிலையத்தில் நின்று சாரதிகளின் முகங்களைப் பார்த்தாள். ஒரு மழை நாளில், தெமோதரைக்குப் போகும் வேனில் சாரதி இருக்கையில் அவன் உட்கார்ந்திருந்தான். சந்தேகமே வரவில்லை. ஏறி அவன் பக்கத்து இருக்கையில் அமர்ந்தாள்.

வளைவு வந்ததும் “இங்க நிப்பாட்டுங்க” என்றாள்.

நிறுத்தினான்.

“எறங்கிப் பாக்கலையா? அன்னைக்குப் பாத்தீங்களே.”

அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். “வேணும்னு செய்யலம்மா... உசிரு இருந்துச்சு. பயந்துட்டேன்.”

“உசிரு இருந்தது எனக்கும் தெரியும்டா. என் மடியிலதான் போச்சு.”

வேன் நிறைய ஆட்கள் அதைக் கேட்டார்கள். அவர்களே அவனைப் பொலிஸில் ஒப்படைத்தார்கள்.

அவன் பெயர் ஜெயகுமார். நீதிமன்றத்தில் அவன் மனைவி கலாராணியின் காலில் விழுந்தாள். கலாராணி காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். வழக்கு விசாரணைக்கு வந்த ஒரு தவணையும் விடவில்லை.

“தவணைக்குத் தவணை எதுக்குடி அலையிற?” என்றாள் ரெங்கம்மா. “கோர்ட்ல ஒரு தடவ அவனப் பாத்தேன், போதும். இங்கருந்தே அவன் மொகத்த நெனச்சுக் காறித் துப்புறேன்.”

“ஒங்களுக்கு வீட்லருந்தே தெரியும் மதினி. அவன் அழுவுறத நான் நேர்ல போய்த்தான் பாக்கணும்.”